சங்கச் செயலாளருக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள தம்பிக்கு,

அடுக்குமாடிச் சங்கத்துக்குச் செயலாளர் ஆனதும் ஆகாததுமாய் உனக்கு மனுஷர்கள் மேலேயே வெறுப்பு வந்துவிட்டது போல. லிஃப்ட் ரிப்பேருக்குக் கூட்டத்தில் கை தூக்கியவர்கள், பணம் கேட்கப் போனால் ‘கீழ் வீட்டுக்காரனுக்கு எதுக்கு லிஃப்ட்?’ என்கிறார்களாம். கையை மேலே தூக்குவது ஓசி கண்ணு. பைக்குள் விடுவதுதான் செலவு.

நம்ம மஞ்சள்காரர்களையே பார். விலை ஏறின வருஷம் அவனவன் சாமர்த்தியம். இறங்கின வருஷம் வியாபாரியும் அரசாங்கமும். 2019-இல் ஈரோட்டு மஞ்சளுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தபோது, டீக்கடையில் பாதிப் பேர் தாங்களே போய் வாங்கி வந்த தோரணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

சின்ன வயதில் உன்னைக் கண்ணபுரம் மாட்டுச் சந்தைக்குக் கூட்டிப் போனேனே, சித்திரையில் மாரியம்மன் திருவிழாவை ஒட்டிக் கூடுவது, ஞாபகம் இருக்கிறதா? காங்கயம் காளைக்கு விலை பேசுகிறவர்கள் துண்டுக்கு அடியில் கையைக் கோத்துக்கொண்டு விரலைப் பிடித்தே தொகையைச் சொல்வார்கள். வாய் அதுபாட்டுக்கு மழையைப் பற்றியும் மகள் கல்யாணத்தைப் பற்றியும் பேசிக்கொண்டிருக்கும். சுற்றி நிற்கிற யாருக்கும் விலை தெரியாது. முடிந்ததும் விற்றவன் ‘அடிமாட்டு விலைக்குப் போச்சு’ என்பான். வாங்கியவன் ‘என் தலையில கட்டிட்டான்’ என்பான். இரண்டு பேரும் உள்ளுக்குள் சிரித்துக்கொண்டுதான் போவார்கள். வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொல்வது மூன்றாவது விலை. உன் கூட்டத்திலும் வாய் ஒன்று பேசும், விரல் ஒன்று பேசும். நீ வாயைக் குறித்துக்கொண்டு வந்து வருத்தப்படுகிறாய்.

என்னைப் பெற்ற உன் அப்பாரு கல்யாண வீட்டுக்குப் போனால் மொய் எழுதுகிறவர் பக்கத்தில்தான் நாற்காலி போடுவார். ஆயிரத்தொன்று வைப்பவர் பந்தல் முழுக்கக் கேட்கப் பேரைச் சொல்வாராம். ஐம்பத்தொன்று வைப்பவர் எழுதுகிறவர் காதோரம் குனிவாராம். அப்புறம் பந்தியில் ‘ரசத்துல உப்பில்லை’ என்று சத்தம் போடுவது அந்த ஐம்பத்தொன்றாம். ‘பந்திக்கு முந்து, படைக்குப் பிந்து’ என்றால் சிரிக்காத ஆள் கிடையாது. எல்லாரும் பக்கத்து இலைக்காரரை நினைத்துத்தான் சிரிப்பார்கள்.

பழைய பொருளாளர் கணக்கு உதைப்பதற்குக் கம்ப்யூட்டரைக் குறை சொல்கிறார் என்றாயே, ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்ற கதைதான். அவரோடு மல்லுக்கு நிற்காதே. வயசானவர், ஓட்டும் வைத்திருக்கிறார்.

சரி, லிஃப்டுக்கு வருவோம். பாக்கிப் பட்டியலை அதற்குள்ளேயே ஒட்டிவிடு. பேர் வேண்டாம், வீட்டு நம்பர் போதும். மேலே போய்ச் சேருகிற வரைக்கும் அங்கே படிக்க வேறொன்றும் இல்லை. ஒட்டுவதற்கு முன்னால் உன் வீட்டு நம்பர் அதில் இல்லையே என்று மருமகளிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்.

அம்மா முறுக்கு சுட்டு அனுப்புகிறாள். கூட்டத்துக்கு எடுத்துப் போய்விடாதே, சங்கக் காசில் வாங்கியதா என்று கணக்குக் கேட்பார்கள்.

இப்படிக்கு,
அப்பா