செல்லாத பவுண்டு நோட்டும் டாலரில் ஏற்றிய கார்டும்: புகார்

அனுப்புநர்:
நிர்வாகி, பின்னலாடை ஏற்றுமதி நிறுவனம், திருப்பூர்.

பெறுநர்:
கிளை மேலாளர், அந்நியச் செலாவணி மாற்று நிறுவனம், திருப்பூர் கிளை.

பொருள்: புழக்கத்திலிருந்து எடுக்கப்பட்ட 300 பவுண்டை மாற்றித் தரவும், கார்டு, பில் தவறுகளைச் சரிசெய்யவும் கோருதல்.

ஐயா,

ஆர்டர்களைக் கவனிக்கும் எங்கள் மெர்ச்சண்டைசர் இங்கிலாந்திலுள்ள லெஸ்டருக்குப் போவதற்காக, உங்கள் கிளையில் 500 பவுண்டு நோட்டாகவும் 1,000 பவுண்டு, முன்கூட்டியே பணம் ஏற்றிக்கொள்ளும் பயணக் கார்டிலும் கேட்டிருந்தோம். 50,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாக வாங்கமாட்டீர்கள் என்பதால் மொத்தம் 1,74,000 ரூபாயையும் கம்பெனிக் கணக்கிலிருந்து நெஃப்டில் அனுப்பினோம். பாஸ்போர்ட், விசா, டிக்கெட் நகல்களும் கொடுத்தாயிற்று.

கவுண்டரில் கவரை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடி, "எண்ணியாச்சுங்க, சரியா இருக்குங்க" என்று கொடுத்தார்கள். எண்ணிக்கை சரிதான், 20 பவுண்டு நோட்டு 25. ஆனால் அதில் 15 நோட்டு, பின்பக்கம் ஆடம் ஸ்மித் படம் போட்ட பழைய காகித நோட்டு. 2022 செப்டம்பர் 30-க்குப் பிறகு அந்த நோட்டு சட்டப்படி செல்லாது. இப்போது புழங்குவது பாலிமர் நோட்டு. பின்பக்கம் ஓவியர் டர்னர் இருப்பார், வெளிச்சத்தில் பிடித்தால் மறுபக்கம் தெரியும் ஜன்னல் இருக்கும். படம் பார்க்கக்கூட வேண்டியதில்லை, விரல் பட்டாலே தெரியும். துணியைத் தொட்டே ஜி.எஸ்.எம். (சதுர மீட்டருக்கு எத்தனை கிராம்) சொல்லும் ஊரில், நாள் முழுக்க நோட்டு எண்ணுகிற கைக்குக் காகிதமும் பிளாஸ்டிக்கும் ஒன்றாகத் தெரிந்திருக்க வாய்ப்பில்லை. பயணம் முடித்து வந்த யாரோ எப்போதோ விற்ற நோட்டு உங்கள் பெட்டியிலேயே தங்கி, எங்கள் கவருக்குள் வந்திருக்கிறது என்றே நினைக்கிறோம்.

பேங்க் ஆஃப் இங்கிலாந்து பழைய நோட்டை எப்போது கொடுத்தாலும் மாற்றித் தரும் என்று உங்கள் ஊழியர் போனில் சொன்னார். உண்மைதான். ஆனால் மாற்றித் தரும் அந்த வங்கியின் கவுண்டர் லண்டனில் இருக்கிறது. லெஸ்டரிலிருந்து சுமார் 160 கிலோமீட்டர். மூன்று நாள் வேலையாகப் போனவர் அதற்கென்று ஒரு நாளைச் செலவழிக்க முடியுமா? எல்லாவற்றையும்விட வருத்தம் தந்தது, ஊர் திரும்பி அதே 15 நோட்டைக் கொண்டுவந்தபோது, "இது பழசுங்க, எடுக்கமாட்டோம்" என்று உங்கள் கவுண்டரே திருப்பித் தந்ததுதான். வாங்கத் தகாத நோட்டை விற்றது எப்படி?

அடுத்தது கார்டு. விண்ணப்பத்தில் பவுண்டு என்று தெளிவாக எழுதியிருந்தும் டாலரில் ஏற்றியிருக்கிறீர்கள். டாலர் எல்லா ஊரிலும் செல்லும் என்று நீங்கள் தரும் விளக்கம் கார்டுக்குப் பொருந்தாது. கார்டில் இருக்கும் பணமும் கடைக்காரர் போடும் பணமும் வேறு வேறானால், தேய்க்கும் ஒவ்வொரு முறையும் மாற்றுக் கட்டணம் விழும். உங்கள் கட்டணப் பட்டியல்படியே அது 3.5 சதவீதம். செலவான 700 பவுண்டுக்கு 24.50 பவுண்டு வீணாகப் போயிற்று. மெஷினில் ரூபாயா பவுண்டா என்று கேட்டபோதெல்லாம் பவுண்டு என்றே அழுத்தியிருக்கிறார், அதனால் கடை மெஷின் தன் ரேட்டில் மாற்றியதால் வரும் நஷ்டம் இல்லை. நஷ்டம் முழுக்க நீங்கள் ஏற்றிய விதத்தால் வந்தது.

பில்லில் ஜி.எஸ்.டி.யும் தப்பு. ஒரு லட்சம் வரைதான் மாற்றும் தொகையில் 1 சதவீதத்தை, வரி போடுவதற்கான மதிப்பாக எடுக்க வேண்டும். அதற்கு மேல் பத்து லட்சம் வரை, 1,000 ரூபாயும் மீதியில் அரை சதவீதமும். 1,74,000-க்கு மதிப்பு 1,370, அதில் 18 சதவீதம் 246.60 ரூபாய். நீங்கள் முழுத் தொகைக்கும் 1 சதவீதம் போட்டு 313.20 பிடித்திருக்கிறீர்கள். 66.60 ரூபாய் சின்னத் தொகைதான், ஆனால் எங்கள் ஆடிட்டர் இந்த பில்லை ஏற்கவில்லை.

ஆகவே 300 பவுண்டைப் பாலிமர் நோட்டாகவோ, நீங்கள் விற்ற அதே ரேட்டில் ரூபாயாகவோ தாருங்கள். 24.50 பவுண்டைக் கணக்கில் வரவு வையுங்கள், திருத்திய பில் அனுப்புங்கள். இனி கவரை மூடும் முன் வாடிக்கையாளர் எதிரிலேயே நோட்டை விரித்துக் காட்டும்படி கவுண்டருக்குச் சொல்லுங்கள். ஸ்டேப்ளர் பின்னும் அடிக்க வேண்டாம். துளை விழுந்த நோட்டை வெளியூரில் வாங்கத் தயங்குகிறார்கள்.

30 நாளில் பதில் வராவிட்டால், கார்டு வழங்கிய வங்கி மீது ரிசர்வ் வங்கி ஒம்புட்ஸ்மனிடமும் (குறைதீர்ப்பாளர்), நோட்டு விஷயத்தில் மாவட்ட நுகர்வோர் ஆணையத்திலும் முறையிடுவோம்.

இணைப்பு: பில், விண்ணப்பம், கார்டு அறிக்கை ஆகியவற்றின் நகல்கள், 15 நோட்டுகளின் இருபுறப் படங்கள். அசல் நோட்டுகள் எங்களிடமே உள்ளன.

இப்படிக்கு,
நிர்வாகி