ஒரே சுமைக்கு இரண்டு அபராதம்

புது தில்லி, ராமகிருஷ்ணபுரம்

அன்புள்ள முத்தையா,

பேத்திக்குப் பெயர் சூட்டிய செய்தி அறிந்து மகிழ்ந்தேன். விழாவுக்கு வர இயலாமற்போனதற்குக் காரணமான மேல்முறையீட்டைப் பற்றி, "சிறைத்தண்டனைகளை ஏக காலத்தில் அனுபவிக்கச் சொல்லிவிட்டார்களே, இன்னும் என்ன குறை?" என்று கேட்டிருந்தாய். குறை அந்த உத்தரவு எட்டாத இடத்தில் இருக்கிறது.

இங்கே சமையல் வேலைக்கு வந்த நம் ஊர்ப்பக்கத்துப் பையன் ஒருவன், கூலிக்காக இரண்டு பைகளைச் சுமந்து வந்து பிடிபட்டான். உள்ளே 24 கிலோ கஞ்சா இருந்தது. 20 கிலோவுக்கு மேற்பட்டால் வணிக அளவு என்பதால், 1985ஆம் ஆண்டுப் போதைப்பொருள் சட்டப்படி பத்தாண்டுக்கும் ஒரு லட்சம் ரூபாய் அபராதத்துக்கும் குறைய முடியாது. கஞ்சாக் குற்றங்களுக்கான பிரிவு 20இன் கீழ் அந்தத் தண்டனையை விதித்த நீதிமன்றம், கூட்டுச்சதிக்கான பிரிவு 29இன் கீழும் அதையே விதித்தது. பத்தாண்டுகள் இரண்டும் சேர்ந்து ஓடும். ஆனால் அபராதமோ இரண்டு லட்சமாகிவிட்டது. கட்டத் தவறினால் ஒவ்வொன்றுக்கும் ஓராண்டு. அபராதம் கட்டாததற்கான சிறைவாசத்தை ஏக காலத்தில் அனுபவிக்க உத்தரவிட முடியாது என்று 2018இல் உச்ச நீதிமன்றம் கூறியிருப்பதால், பணம் இல்லாதவனுக்குப் பத்து பன்னிரண்டாகிறது. அவன் தாய் இருக்கும் வீட்டை விற்றாலும் இரண்டு லட்சம் தேறாது.

வைத்திருத்தல், வாங்குதல், விற்றல், எடுத்துச் செல்லுதல் ஆகிய அனைத்தையும் பிரிவு 20 ஒரே குற்றத்தின் வடிவங்களாகத்தான் சொல்கிறது. எனவே பையைச் சுமந்தவனை வைத்திருந்ததற்கென்றும் கொண்டுவந்ததற்கென்றும் தனித்தனியாகத் தண்டிப்பதில்லை. சதி மட்டும் தனித்து நிற்பதற்குக் காரணம், பை நகராவிட்டாலும் அந்த உடன்பாடே குற்றம் என்பது. அதை நான் மறுக்கவில்லை; பல லோடுகளுக்குத் திட்டமிட்டவன் ஒரு லோடில் பிடிபட்டால், பிடிபட்ட எடையைவிடச் சதி பெரியது, அதற்குத் தனித்தண்டனை தகும். ஆனால் இந்தப் பையனுக்கு எதிரான சதிக்குச் சாட்சியம் அதே இரண்டு பைகளும் அவற்றைப் பற்றிய தொலைபேசி அழைப்புகளும்தான். சதி முழுவதும் அந்தச் சுமைக்குள்ளேயே அடங்கிவிட்ட பிறகு, அதற்கு இன்னொரு முறை விலை கேட்பது நியாயமாக எனக்குப் படவில்லை. குற்றவாளி என்ற முடிவு இரண்டிலும் இருக்கட்டும். தண்டனை ஒன்றில் மட்டும் இருக்கட்டும் என்பதே என் வாதம்.

அரசு வழக்கறிஞர், ஒவ்வொரு பிரிவுக்கும் மற்றதில் இல்லாத ஒரு கூறு தேவை என்றால் இரண்டும் வெவ்வேறு குற்றங்கள் என்கிறார். அமெரிக்க உச்ச நீதிமன்றம் 1932இல் பிளாக்பர்கர் வழக்கில் வகுத்த அளவுகோல் அதுதான். அதுவும் போதைப்பொருள் வழக்கே. முத்திரையிட்ட மூல உறையில் இல்லாமலும் எழுத்துமூல ஆணை இல்லாமலும் மார்பின் விற்ற ஒரே விற்பனை அங்கே இரண்டு குற்றங்களானது. முந்தைய நாள் விற்பனையையும் சேர்த்து மூன்றுக்கும் தலா ஐந்தாண்டு, ஒன்றன்பின் ஒன்றாக. இரு நாள் விற்பனைகளைப் பிரித்ததை நான் ஏற்கிறேன். நம் உச்ச நீதிமன்றமும் 2021இல், தனித்தனிச் சம்பவங்களுக்காக இரு நீதிமன்றங்களில் போதைப்பொருள் வழக்கில் தண்டனை பெற்ற ஒருவருக்கு ஏக கால உத்தரவு தர மறுத்தது. அதிலும் எனக்குக் குறையில்லை. ஒரே கைமாற்றத்தை இரண்டாக வெட்டுவதுதான் உறுத்துகிறது.

புதிய தண்டனைச் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 9, அதாவது நாம் கல்லூரியில் படித்த பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தின் 71, பகுதிகளாலான குற்றத்தில் ஒரு பகுதிக்கு மேல் தண்டிக்கக் கூடாது என்கிறது. சதியையும் அப்படியொரு பகுதியாகக் கொள்ளலாமா என்பதில்தான் என் வாதம் நிற்கும் அல்லது விழும். மதுரையில் இதே இரண்டு பிரிவுகளிலும் தண்டித்து, ஒரே அபராதம் மட்டும் விதித்த தீர்ப்பு எதையாவது நீ கண்டிருந்தால் நகலெடுத்து உடனே அனுப்பு. விசாரணைக்கு இன்னும் மூன்று வாரங்களே இருக்கின்றன.

அன்புடன்,
சுந்தரம்