கடல் புகுந்த கிணற்றை இறைத்தே கெடுக்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

புயலில் தகரம் பறந்த வீட்டுக்குச் சில மாதங்களில் புதுக்கூரை ஏறிவிடும். கடல்நீர் புகுந்த கிணறு அப்படித் தேறுவதில்லை. போதாக்குறைக்கு, உதவ வருகிறவர்களே இரண்டு அங்குலப் பம்பைப் போட்டு அடிமணல் தெரிய இறைக்கிறார்கள். உப்புக் குறையாவிட்டால் மறுநாளும் இறைக்கிறார்கள். 2004 சுனாமிக்குப் பின் இலங்கையின் கிழக்குக் கரையில் இதுதான் பெருமளவில் நடந்தது. பல கிணறுகளில் உப்பு கூடியதே மிச்சம்.

வாகரை முதல் திருக்கோவில் வரை கடலோர மணலில் நாம் குடிப்பது, உப்புநீரின் மேல் மிதக்கும் மழைநீரை. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஓர் அடி நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடிக்கு உப்புநீரை அமுக்கி வைத்திருக்கும் என்பது கணக்கு. மேல்மட்டத்தை வேகமாக இறக்கினால் கீழுள்ள உப்பு மேலேறும். வெளியே உள்ள நீரின் அழுத்தத்தில் மணல் உள்ளே சரிந்து கொங்கிரீட் வளையங்களும் விலகும். இறைத்த நீரைக் கிணற்றடியிலேயே விட்டால் அது மணல்வழியே திரும்பக் கிணற்றுக்குள்தான் வரும்.

நாலடி விட்டமும் ஐந்தடி நீரும் உள்ள கிணற்றில் சுமார் 1,800 லீற்றர் இருக்கும். அதை உப்புக் கரிக்க வைக்க 24 லீற்றர் கடல்நீர், அதாவது இரண்டு வாளி போதும். கரிக்கிறது என்று மட்டுமே நாக்கு சொல்லும், எவ்வளவு, எந்த ஆழத்தில் என்று சொல்லாது. ஆகவே நாக்கை நம்பாமல், நீரில் உப்புக் கூடக்கூடக் கூடும் மின்கடத்துதிறனைக் காட்டும் மானியால் மேல்நீரையும் அடிநீரையும் தனித்தனியே அளக்க வேண்டும். அடியில் மட்டும் உப்பு என்றால் பம்பின் உறிஞ்சுகுழாயை நீர்மட்டத்துக்கு ஓரடி கீழே கட்டி, காலையும் மாலையும் கொஞ்சம் கொஞ்சமாக எடுக்கலாம்.

கடல் வடிந்தவுடன் ஒரே ஒருமுறை, சிறிய பம்பால் மெதுவாக இறைத்துச் சேற்றை அள்ளுங்கள். இறைத்த நீரைக் குழாய் போட்டு வளவுக்கு வெளியே தூரத்தில் விடுங்கள். குளோரின் அதற்குப் பிறகுதான். சேறு இருந்தால் அதுவே குளோரினைத் தின்றுவிடும். 70 வீதக் குளோரின் தூள் ஒரு கன மீற்றர் நீருக்கு 150 கிராம், மேற்சொன்ன கிணற்றுக்கு 270 கிராம். வாளி நீரில் கரைத்து ஊற்றி ஓர் இரவு விடுங்கள். மணம் அடங்கும்வரை அந்த நீரைக் குடிக்க வேண்டாம். கிருமி சாகும், உப்புப் போகாது. கொதிக்க வைத்தாலும் போகாது. (குளோரின் போட்டாயிற்று, இனிக் குடிக்கலாம் என்று சொல்லிவிட்டுப் போகிறவர்கள் இதையும் சொல்லிவிட்டுப் போகலாம்.)

உப்பைக் கழுவுவது மாரி மழைதான். கூரைப் பீலியிலிருந்து வரும் நீரை, முதல் மழையைத் தவிர்த்துவிட்டு, கிணற்றிலிருந்து சில அடி தள்ளி வெட்டிய மணற்குழியில் இறக்கினால் அந்த வேலை விரைவுபடும். மலசலகூடக் குழியின் பக்கம் மட்டும் வெட்ட வேண்டாம்.

பிரதேச சபைகள் ஒவ்வொன்றும் இரண்டு மானிகளையாவது வாங்கி, பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மூலம் மாதம் ஒருமுறை அளந்து அந்தந்த வீட்டாருக்கே எழுதிக் கொடுக்கட்டும். உப்பில் உள்ள குளோரைட்டு லீற்றருக்கு 250 மில்லிகிராமுக்குக் கீழ் இறங்கும்வரை தண்ணீர் பவுசர் வரட்டும். வீதி காய்ந்ததும் பவுசரை நிறுத்துவது எந்தக் கணக்கில் சேரும் என்று விளங்கவில்லை.

நீர்ப் பரிசோதனை தெரிந்த வாசகர்,
களுவாஞ்சிகுடி