வெள்ளிக்கிழமை வண்டலூர் போகிறோம்

அன்புள்ள பெற்றோருக்கு, வணக்கம்.

ஆறாம், ஏழாம் வகுப்புப் பிள்ளைகளை வருகிற வெள்ளிக்கிழமை வண்டலூர் உயிரியல் பூங்காவுக்குக் கூட்டிப்போகிறோம். டைரியில் ஒட்டியிருக்கும் சம்மதச் சீட்டில் கையெழுத்துப் போட்டு புதன்கிழமைக்குள் அனுப்பிவிடுங்கள்.

போன வருடம் போய்வந்த மறுநாள் ஒரு அம்மா வந்து, "என்ன சார், அவ்வளவு தூரம் போயும் புலியைப் பார்க்கலையாமே" என்றார். உண்மைதான். புலி புதருக்குப் பின்னால் படுத்திருந்தது, வால் நுனி மட்டும்தான் தெரிந்தது.

நான் சின்னப் பையனாக இருந்தபோது என் அப்பா காட்டிய புலி நன்றாகவே தெரிந்தது. அப்போது மிருகக்காட்சிசாலை சென்ட்ரல் பக்கத்தில், மூர் மார்க்கெட்டுக்குப் பின்னால் இருந்தது. கம்பிக்கு அந்தப் பக்கம் அது இந்த மூலைக்கும் அந்த மூலைக்கும் நடந்துகொண்டே இருந்தது. ஒளிந்துகொள்ள இடம் இருந்தால்தானே!

வீட்டில் பழைய மெட்ராஸ் தாத்தா பாட்டி இருந்தால் 'உயிர் காலேஜ்' என்றால் என்ன என்று பிள்ளைகளை விட்டுக் கேட்கச் சொல்லுங்கள். எழும்பூர் மியூசியம் செத்த காலேஜ், மிருகக்காட்சிசாலை உயிர் காலேஜ். இரண்டும் ஒரே வீட்டில் பிறந்தவைதான். மியூசியத்தை முதலில் கவனித்துக்கொண்ட எட்வர்ட் பால்ஃபோர் என்ற டாக்டர், அங்கே உயிரோடு வைத்திருந்த விலங்குகளைப் பார்க்கத்தான் ஜனம் குவிகிறது என்று கண்டுகொண்டு, ஆற்காடு நவாபிடம் இருந்த விலங்குகளையும் கேட்டு வாங்கி, 1855-இல் அந்த வளாகத்திலேயே மிருகக்காட்சிசாலையை ஆரம்பித்தார். அப்புறம் சில வருடங்களில் சென்ட்ரல் பக்கத்தில் இருந்த பீப்பிள்ஸ் பார்க்குக்கு மாறி, நூறு வருடத்துக்கு மேல் அங்கேயே இருந்தது. ஊர் பெருத்து, சத்தமும் நெரிசலும் தாங்காமல், 1979-இல் வண்டலூர் காட்டில் வேலை தொடங்கினார்கள். 1985 ஜூலை 24 அன்று எம்.ஜி.ஆர். திறந்துவைத்தார். இன்றைக்கு 602 ஹெக்டேர். பெரிய விலங்குகள் பலவற்றுக்கும் நமக்கும் நடுவே கம்பி கிடையாது, அகழிதான். அதனால்தான் புலிக்குப் புதருக்குப் பின்னால் போய்ப் படுக்க முடிகிறது.

இந்த முறை எல்லா விலங்கையும் ஓடி ஓடிப் பார்க்கப் போவதில்லை. பத்துப் பத்துப் பேராகப் பிரித்து, ஒவ்வொரு குழுவும் ஒரு விலங்கின் முன்னால் அரை மணி நேரம் உட்காரும். சிங்கவால் குரங்குக்கு ஒரு குழு கட்டாயம். மேற்குத் தொடர்ச்சி மலையை விட்டால் உலகத்தில் வேறெந்தக் காட்டிலும் அது கிடையாது, அதன் முகத்தைச் சுற்றியிருக்கும் அந்த நரைத்த பிடரியை வரைந்தே ஆக வேண்டும். வெள்ளைப்புலிக்கு எப்போதும் போட்டி இருக்கும். அது தனி இனம் இல்லை, அரிதான ஒரு மரபணுவால் நிறம் மாறிய வங்கப்புலிதான் என்பதையும், 1951-இல் மத்தியப் பிரதேசத்தில் ரேவா பக்கம் பிடிபட்ட மோகன் என்ற வெள்ளைப்புலிக் குட்டியின் கதையையும் அறிவியல் டீச்சர் அங்கேயே சொல்வார்.

தண்ணீர் பாட்டில், தொப்பி, தேயாத செருப்பு வேண்டும். சாப்பாடு டிபன் பாக்ஸில் மட்டும். சிப்ஸ் பாக்கெட் வேண்டவே வேண்டாம், போன தடவை நம் பையன் ஒருவன் குரங்குக்கு வீசிவிட்டான், நான்தான் போய் மன்னிப்புக் கேட்டேன்.

சாயங்காலம் ஐந்து மணிக்குள் வந்துவிடுவோம். ஜிஎஸ்டி ரோட்டு நெரிசலில் அரை மணி முன்பின் ஆகலாம், வாசலில் நிற்பவர்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பிள்ளை வந்ததும் எத்தனை மிருகம் பார்த்தாய் என்று கேட்காமல், நோட்டை வாங்கிப் பாருங்கள்.

அன்புடன்,
தலைமையாசிரியர்