கீழ்வீட்டுத் தாத்தாவின் ஊர்க்காரர்

லெக்சிங்டன், கென்டக்கி
10-12-2017

அன்புள்ள அம்மாவுக்கு,

நலம். உன் கடிதமும் அப்பளமும் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. போனில் பேசினாலும் கடிதத்துக்குப் பதில் வேண்டும் என்று எழுதியிருந்தாய். போடாதது என் சோம்பேறித்தனம்தான், வேறொன்றும் இல்லை. அப்பளம் பாதி நொறுங்கித்தான் வந்தது, வத்தக்குழம்பில் போட்டுவிட்டேன். குளிர் பரவாயில்லை. வீட்டுக்குள்ளேயும் ஸ்வெட்டர் போட்டுக்கொண்டால் ஹீட்டர் அவ்வளவாகத் தேவைப்படுவதில்லை. கார் இன்னும் வாங்கவில்லை, நடப்பது உடம்புக்கு நல்லதுதானே.

கீழ்வீட்டுத் தாத்தாவை விசாரித்திருந்தாய். அவருக்கு இப்போது ஒரே பேச்சுதான். செப்டம்பரில் 91 வயதில் இறந்துபோன ஹாரி டீன் ஸ்டான்டன் என்ற நடிகர். இங்கிருந்து ஒரு மணி நேரத் தூரத்தில் வெஸ்ட் அர்வினில் பிறந்தவர். இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் ஜப்பானின் ஒகினாவா தீவுப் பக்கம் கப்பலில் சமையல்காரராக இருந்தாராம். நான் குழம்பைத் தீய்த்த அன்றெல்லாம் தாத்தா அதைச் சொல்லித்தான் தேற்றுவார்.

நூறு படத்துக்கு மேல் நடித்திருக்கிறார், பெரும்பாலும் இரண்டு காட்சி, மூன்று காட்சி. 'ஏலியன்' படத்தில் பூனையைத் தேடிப் போய்ச் சாகிறவர் இவர்தான். குணச்சித்திர நடிகர் என்றாலும் நம் பாலையா மாதிரி கண்ணை உருட்டுவது, குரலை ஏற்றி இறக்குவது எல்லாம் கிடையாது. ஒட்டிய கன்னத்தோடு சும்மா நிற்பார். நாம் அவரையே பார்த்துக்கொண்டிருப்போம். 1984-இல் 'பாரிஸ், டெக்சாஸ்' வந்து கதாநாயகன் ஆனபோது 57 தாண்டிவிட்டது. என் சம்பள உயர்வு தள்ளிப்போனதற்கும் தாத்தா இந்தக் கணக்கைத்தான் சொல்கிறார்.

போன சனிக்கிழமை அந்தப் படத்தைப் போட்டுக் காட்டினார். கடைசியில் ஒரு கண்ணாடி. இந்தப் பக்கம் இவர், அந்தப் பக்கம் பிரிந்துபோன மனைவி. இவருக்கு அவள் தெரிவாள், அவளுக்கு இவர் தெரியமாட்டார். போனில்தான் பேச வேண்டும். இவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டு, அவளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எல்லாவற்றையும் சொல்கிறார். முகத்தைப் பார்த்தால் சொல்ல வராது போல.

ஞாயிற்றுக்கிழமை பேசும்போது கேமரா ரிப்பேர் என்கிறேனே, அது ரிப்பேர் இல்லை அம்மா.

சரி, செல்வி வளைகாப்பு தையிலா, மாசியிலா? சீர்ச்செலவு என்னுடையது, ஆனால் பணம் ஜனவரிக் கடைசியில்தான் வரும். அதுவரை நகையை மீட்க வேண்டாம், வட்டியை மட்டும் கட்டு. பெரியப்பாவிடம் கைமாற்று கேட்காதே, பிறகு ஊருக்கெல்லாம் சொல்வார். அடுக்களை ஓடு மாற்ற மேஸ்திரி எவ்வளவு கேட்கிறார் என்று எழுது. அப்பா பிரஷர் மாத்திரையை விட்டுவிடாமல் பார்த்துக்கொள்.

அடுத்த தடவை அப்பளத்தைத் தகர டப்பாவில் வைத்து அனுப்பு. இரண்டு கட்டு கூடவே வை, தாத்தாவும் கேட்கிறார்.

உன் மகன்,
சங்கர்