ஃபிரேமில் மட்டும் கை வைக்காதே, பாப்பா

பாப்பாவுக்கு,

நீ அனுப்பிய படங்களை எல்லாம் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டேன். அம்மாவிடமும் காட்டினேன். "இந்தத் துருப்பிடித்த கம்பிக்கா இவ்வளவு காசு கொடுத்தாள்?" என்று கேட்டாள். நார்ட்டன் ஃபெதர்பெட் என்ற பழைய இங்கிலீஷ் பைக் ஃபிரேமின் அருமையை அவளுக்குச் சொல்லிப் புரியவைக்கிற காரியமா, நான் வாயைத் திறக்கவில்லை. வாய்ஸ் மெசேஜ் போட்டால் நீ பாதியில் நிறுத்திவிடுவாய், அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன். முக்கியமாகச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: அந்த ஃபிரேமை வெட்டாதே, அதில் வெல்டிங் அடிக்காதே. இங்கே சிங்கப்பூரில் செம்பவாங் கப்பல் யார்டில் வெல்டிங் அடித்தே உன்னைப் படிக்கவைத்தவன் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

வெல்டிங் ஆறும்போது இழுக்கும். யார்டில் பெரிய தகட்டிலேயே அது கண்ணுக்குத் தெரியும், நேராக வைத்து அடித்தது ஆறியதும் வளைந்து நிற்கும். மெல்லிய குழாயில் ஒரு பக்கம் மட்டும் ஒரு பிராக்கெட்டை ஒட்டினாலும் அதே கதைதான், ஆனால் அங்கே கண்ணுக்குத் தெரியாது, பைக்கை ஓட்டும்போதுதான் முன்சக்கரமும் பின்சக்கரமும் ஆளுக்கொரு பக்கம் போகப் பார்ப்பது தெரியும். அப்புறம் இரும்பு எந்த ரகம் என்ற கேள்வி இருக்கிறது. ரேஸுக்கு ஓடிய நார்ட்டன் மேங்க்ஸ் பைக்கின் ஃபிரேம்கள் ரெனால்ட்ஸ் 531 என்ற பலமான எஃகுக் குழாயில் செய்தவை, பித்தளைக் கம்பி வைத்துக் குறைந்த சூட்டில் ஒட்டியவை. அந்த 531-ஐ மின்சார வெல்டிங்கில் உருகவிட்டால் ஒட்டுக்குப் பக்கத்திலேயே பலம் குறைந்துவிடும். நார்ட்டனின் ரோட்டு பைக்கான டொமினேட்டரில் வந்தது சாதாரண எஃகு. உன்னுடையது எது என்று ஃபிரேம் நம்பரை வைத்து நார்ட்டன் ஓனர்ஸ் கிளப்பில் கேள், விற்றவர் சொன்னதை அப்படியே நம்பாதே.

நீ அந்த ஃபிரேமில் ராயல் என்ஃபீல்டு 650 எஞ்சினை உட்காரவைக்கப் போகிறேன் என்றதும் எனக்குச் சிரிப்பும் வந்தது, சந்தோஷமும் வந்தது. ரெக்ஸ் மெக்கண்ட்லஸ் என்ற பெல்ஃபாஸ்ட்காரர் வடிவமைத்து, 1950-ல் நார்ட்டன் ரேஸில் இறக்கிய ஃபிரேம் அது. அந்தக் காலத்தில் 500 சிசி கார் ரேஸ்காரர்களுக்கு நார்ட்டன் எஞ்சின் மட்டும் வேண்டும், கம்பெனியோ எஞ்சினைத் தனியாக விற்காது. அதனால் முழு பைக்கை வாங்கி எஞ்சினைக் கழற்றிக்கொண்டு மீதியைத் தள்ளிவிட்டார்கள். எஞ்சின் இல்லாத அந்த நல்ல ஃபிரேம்களில் பையன்கள் டிரையம்ப் எஞ்சினை மாட்டினார்கள், டிரையம்ப்பும் நார்ட்டனும் சேர்ந்த டிரைட்டன் பிறந்தது. இப்போது நீ மாட்டப்போவது சென்னையில் செய்த எஞ்சின். அந்த கம்பெனி பிறந்ததோ ரெடிட்ச்சில், நீ இருக்கும் கோவென்ட்ரியிலிருந்து பக்கம்தானே. 1955-ல் மெட்ராஸுக்கு வந்த என்ஃபீல்டு சுற்றிக்கொண்டு உன் வீட்டுக் கொட்டகைக்கு வந்து சேர்கிறது. சரி, கதை போதும்.

முதலில் விரிசல் பார்க்க வேண்டும். மணல் அடித்துச் சுத்தம் செய்து கொடுக்கிறேன் என்று கடைக்காரர் சொன்னதாக எழுதியிருந்தாய். வேண்டாம், இப்போது வேண்டாம். மணல் அடித்தால் மேல் இரும்பு நசுங்கி விரிசலின் வாயை மூடிவிடும், அப்புறம் விரிசலைக் காட்டும் எந்தச் சாயமும் உள்ளே போகாது. பெயின்ட் ரிமூவர் போட்டுப் பழைய பெயின்ட்டை எடு, நன்றாகத் துடை, பிறகு விரிசலைக் காட்டும் சாயமான டை பெனட்ரன்ட் அடி. மூன்று டின்னாகக் கிடைக்கும்: துடைக்க ஒன்று, சிவப்புச் சாயம் ஒன்று, வெள்ளை டெவலப்பர் ஒன்று. சிவப்பை அடித்து டின்னில் போட்டிருக்கும் நேரம் வரை விடு, துணியில் கிளீனரை நனைத்துத் துடை, டின்னை நேராக ஃபிரேமின் மேல் பீய்ச்சினால் விரிசலுக்குள் போனதும் கழுவிக்கொண்டு வந்துவிடும். பிறகு வெள்ளையை மெலிதாக அடி. விரிசல் இருந்தால் வெள்ளைக்குள்ளிருந்து முடி போல ஒரு சிவப்புக் கோடு மெல்ல ஊறி வரும். ஹேண்டில்பார் நிற்கும் கழுத்துப் பகுதி, பின்சக்கரத்தைப் பிடிக்கும் ஸ்விங்ஆர்ம் மாட்டும் இடம், எஞ்சினைத் தாங்கும் காதுகள், பக்க ஸ்டாண்டு, இந்த நான்கையும் விடாதே. சிவப்புக் கோடு வந்தால் நீயாக எதுவும் செய்யாமல் ஃபிரேம் வேலை தெரிந்தவரிடம் கொண்டுபோ, பர்மிங்ஹாம் பக்கம் அப்படிப்பட்டவர்களுக்குப் பஞ்சம் இல்லை.

எஞ்சினை மாட்ட அலுமினியத் தகட்டில் பிளேட் வெட்டிக்கொள், ஃபிரேமில் ஏற்கெனவே இருக்கும் துளைகளில் போல்ட் போட்டே நிறுத்து. முதலில் அட்டையில் வெட்டிப் பார். செயின் நேராக வரும்படி எஞ்சினை வைத்து, அதற்கப்புறம்தான் பிளேட்டின் அளவைக் குறி, பலர் இதைத் தலைகீழாகச் செய்துவிட்டு ஸ்பிராக்கெட்டைக் கடைந்துகொண்டு நிற்கிறார்கள். இன்னொன்று, பழைய நார்ட்டனில் கியர் வலது காலில், பிரேக் இடது காலில். உன் புது எஞ்சினில் கியர் இடது பக்கம். அதனால் பிரேக் பெடலை வலது பக்கம் கொண்டுவர வேண்டும், அங்கே ஃபிரேமில் இடம் இருக்காது. அங்கேதான் 'சும்மா ஒரு சின்ன வெல்டிங்' என்ற ஆசை வரும். பிளேட்டிலேயே பெடலுக்கும் ஒரு காதை வைத்து வெட்டிவிடு, வேலை முடிந்தது.

போல்ட் விஷயத்தில் உனக்குப் பொறுமை போதாது என்று எனக்குத் தெரியும், அதனால் இதை இரண்டு தடவை படி. பழைய இங்கிலீஷ் பைக்கில் விட்வொர்த், சைக்கிள் திரெட் என்று பல ரகப் புரிகள் கலந்து கிடக்கும், புது பாகங்கள் எல்லாம் மெட்ரிக். அங்குலத்துக்கு 26 புரி உள்ள சைக்கிள் திரெட்டில் 5/16 அங்குல போல்ட் 7.94 மி.மீ. இருக்கும். 1 மி.மீ. இடைவெளியில் புரி உள்ள எம்8, அதாவது 8 மி.மீ. மெட்ரிக் போல்ட்டில் அங்குலத்துக்கு 25.4 புரி. அதை அந்தச் சைக்கிள் திரெட் துளையில் விட்டால் கையாலேயே மூன்று நான்கு சுற்று அழகாக ஏறும், பிறகு இறுகும், நீ சரியான இறுக்கம் வந்துவிட்டது என்று நினைப்பாய். புரி நசுங்கிக்கொண்டிருக்கும். புரி அளக்கும் கேஜ் ஒன்று வாங்கு, விலை ஒன்றும் பெரிதில்லை.

முன்சக்கரத்தைப் பிடிக்கத் தலைகீழ் ஃபோர்க், இரட்டை டிஸ்க் பிரேக் என்று எழுதியிருந்தாய். பார்க்க அழகுதான், எனக்குப் பிடிக்கவில்லை. அந்தக் கழுத்து டிரம் பிரேக்குக்காகச் செய்தது. அந்த எஞ்சின் வந்த என்ஃபீல்டு இன்டர்செப்டர் பைக்கிலேயே முன்னால் ஒரே டிஸ்க், 320 மி.மீ., அது போதாதா? பிரேக் எண்ணெயைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரும் டிஸ்க்கைப் பிடிக்கும் காலிப்பரும் ஒரே பைக்கிலிருந்து ஜோடியாக வரட்டும், அளவு பொருந்தாவிட்டால் பிரேக் லிவர் கல்லாக இருக்கும், இல்லாவிட்டால் பிடி வரைக்கும் வந்துவிடும். அப்புறம் 19 அங்குலச் சக்கரத்தை எடுத்துவிட்டு 17 அங்குலச் சக்கரமும் குட்டை ஃபோர்க்கும் போட்டால் மூக்கு இறங்கும், கழுத்து நிமிரும், டிரெயில் குறையும். ஃபேர்பிரைஸ் கடைத் தள்ளுவண்டியின் முன்சக்கரம் தானே நேராகிக்கொள்கிறதே, அந்தக் குணம்தான் டிரெயில். அது குறைந்தால் நெடுஞ்சாலையில் ஹேண்டில்பார் நடுங்கும். காசு கட்டுவதற்கு முன்னால் ஃபோர்க்கின் நீளத்தையும் ஃபோர்க்கைப் பிடிக்கும் கிளாம்பின் ஆஃப்செட்டையும் (கழுத்திலிருந்து ஃபோர்க் எவ்வளவு தள்ளி நிற்கிறது என்பதையும்) எனக்கு அனுப்பு, காகிதத்தில் வரைந்து பார்த்துவிடலாம்.

எஞ்சினை வாங்கும்போது வயரிங், எஞ்சினை இயக்கும் கம்ப்யூட்டரான இ.சி.யு., சாவி, எஞ்சினுக்குக் காற்றை விடும் திராட்டில் பாடி எல்லாம் அதே பைக்கிலிருந்து ஒன்றாக வாங்கு. பைக் சாய்ந்தால் எஞ்சினை நிறுத்தும் சென்சார் ஒன்று வரும், பழைய பைக்கில் எந்தப் பக்கம் பார்த்து இருந்ததோ அதே பக்கம் பார்த்து மாட்டு, இல்லாவிட்டால் ஸ்டார்ட்டே ஆகாது. பெட்ரோல் பம்ப் டேங்க்குக்குள் உட்காருவது, பழைய டேங்க்கில் அதற்கு இடம் கிடையாது, உள்ளே இருக்கும் துரு இன்ஜெக்டரை அடைக்கும். பம்ப்புக்கு இடம் விட்டுச் செய்த புது அலுமினிய டேங்க் வாங்கிக்கொள். ஃபைபர் டேங்க் மலிவாகக் கிடைக்கிறது என்று போய்விடாதே, 2021-லிருந்து அங்கே சாதாரண பெட்ரோல் 10 சதவீதம் வரை எத்தனால் கலந்த இ10, அந்த எத்தனால் பழைய ஃபைபரைக் கரைக்கும். வெட்டுவது, ஒட்டுவது, துளை போடுவது எல்லாம் புதுச் சாமானில் செய், தப்பாகப் போனால் இன்னொன்று வாங்கலாம்.

இதெல்லாம் நீ இங்கிலாந்தில் இருப்பதால் பேச முடிகிறது. இங்கே நிலப் போக்குவரத்து ஆணையம் ஃபிரேமைத் தொடவே விடாது, எக்ஸாஸ்ட் மாற்றினாலே ஆயிரம் கேள்வி. சின்ன பைக் என்றால் பைக் விலையைவிட, அதை வைத்திருக்க வாங்கும் உரிமையான சி.ஓ.இ. அதிகம். என் ஃபேன்டம் பைக் 2003 ஜூலைக்கு முன்னால் பதிந்தது, அதனால் 2028 ஜூன் 30-க்குப் பிறகு ரோட்டில் ஏற முடியாது. அம்மாவுக்கு அதில் ஏக மகிழ்ச்சி, எனக்கு அந்தத் தேதியை நினைத்தாலே எரிச்சல்.

எஞ்சின் மாறியதைப் பதிவுப் புத்தகத்தில் மாற்றச் சொல்ல வேண்டும், இன்ஷூரன்ஸ்காரரிடமும் எஞ்சின், ஃபோர்க், பிரேக் என்று ஒன்றுவிடாமல் எழுத்தில் கொடு. எனக்கு இப்போது வேண்டியது கழுத்துப் பகுதியின் உள்விட்டம், ஸ்விங்ஆர்ம் மாட்டும் இடத்தின் அகலம், ஃபிரேம் நம்பரின் தெளிவான படம். வெர்னியரில் அள, டேப்பில் வேண்டாம். டை பெனட்ரன்ட் அடித்ததும் அந்த நான்கு இடங்களையும் படம் எடுத்து அனுப்பு, நான் பார்த்துச் சொன்ன பிறகு பெயின்ட்டுக்குக் கொடு.

அப்பா