துண்டு போட்டுப் பிடித்த இடம்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரம் ஆகிவிட்டது. பதில் எழுதாததற்குக் காரணம் ஒரு பில். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பார்த்தவர்களிடமெல்லாம் சண்டை போட்டு, தோற்று, இப்போதுதான் உட்கார்ந்திருக்கிறேன். முதலில் உன் முழங்கால் எப்படி இருக்கிறது? படி ஏறாதே என்று டாக்டர் சொன்னதைக் கேட்கிறாயா, இல்லை இன்னும் மின்கம்பம் ஏறுகிற வயசு என்றே நினைப்பா?

சரி, பில் விஷயத்துக்கு வருகிறேன். பட்டறைக் கூரையில் நான் சோலார் போட்டது உனக்குத் தெரியும். கிரிட்டுக்கு, அதாவது ஊர் மின்கம்பி வலைக்கு, 50 கிலோவாட் வரை அனுப்பலாம் என்று ஒப்பந்தம். இந்த முறை பில்லின் கடைசியில் புதிதாக ஒரு வரி: 'பயன்படுத்தாத திறனுக்கான கட்டணம்'. படித்ததும் ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. மின்சாரம் வாங்கினால் காசு கேட்பார்கள், சரி. விற்றாலும் ஏதோ பிடித்தம் செய்வார்கள், அதுவும் பழகிவிட்டது. வாங்காமலும் விற்காமலும் சும்மா இருந்ததற்குமா காசு?

அன்று ராத்திரியே பேப்பரும் பேனாவும் எடுத்துக் கணக்குப் போட்டேன். 50 கிலோவாட்டை வருஷம் முழுக்க, அதாவது 8,760 மணி நேரமும், நிரப்பி அனுப்பினால் 4,38,000 யூனிட் ஆகும். என் கூரை கொடுப்பது சுமார் 56,000. நூற்றுக்குப் பதின்மூன்று. மீதி எண்பத்தேழுக்கும் அபராதமா? ராத்திரியில் சூரியன் வராதது என் குற்றமா? இதையே வசனமாக மனப்பாடம் செய்துகொண்டு மறுநாள் மின் அலுவலகத்துக்குப் போனேன்.

அங்கே உட்கார்ந்திருந்த பொறியாளர் சின்னப் பெண். என் மகளைவிட வயது குறைவாக இருக்கும். நான் முழு வசனத்தையும் சொல்லி முடிக்கும்வரை பொறுமையாகக் கேட்டுவிட்டு, கம்ப்யூட்டர் திரையை என் பக்கம் திருப்பினாள். "ஐயா, நாங்கள் யூனிட்டைப் பார்க்கவில்லை. மீட்டர் கால் மணிக்கு ஒருமுறை சராசரியைப் பதிவு செய்கிறது. அதில் உங்களுடைய ஆக உயர்ந்த பதிவு இது" என்றாள். 33 கிலோவாட். 50-இல் 33 போக 17. அந்தப் பதினேழுக்குத்தான் கட்டணம். ராத்திரி கணக்கிலேயே இல்லை. என் வசனம் அங்கேயே படுத்துவிட்டது.

ஏன் 33-ஐத் தாண்டவில்லை என்று நீ கேட்கமாட்டாய், உனக்குத் தெரியும். நான்தான் இந்த வயதில் புதிதாகக் கற்றுக்கொண்டேன். நான் போட்டிருக்கும் பேனல் மொத்தம் 40 கிலோவாட். அந்த 40 என்பது, பேனலுக்குள் இருக்கும் சோலார் செல்லின் சூடு 25 டிகிரியில் இருக்கும்போது சோதனைக்கூடத்தில் அளந்தது. உச்சி வெயிலில் என் கூரையில் பேனலைத் தொட முடியாது. சாதாரணமாக 60 டிகிரி இருக்கும். ஒரு டிகிரி ஏற ஏற நூற்றுக்கு 0.35 முதல் 0.4 வரை உற்பத்தி குறையும். அங்கேயே 40 என்பது 35 பக்கம் வந்துவிடுகிறது. அப்புறம் தூசி, வயர், பேனல் மின்சாரத்தைக் கம்பிக்கு ஏற்றபடி மாற்றுகிற இன்வெர்ட்டர் என்று ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துக்கொள்கிறார்கள். வெயில் சுடச் சுட மின்சாரமும் அதிகம் என்று இத்தனை நாள் நம்பிக்கொண்டிருந்தேன் பார்.

ஆக அந்தப் பதினேழில் பத்து போக ஏழு, சூடும் தூசியும் மற்றவையும் தின்ற கணக்கு. மீதிப் பத்து என் ஆசைக் கணக்கு. பின்பக்கக் கூரையிலும் ஒரு வரிசை போடலாம், அப்போது போய் நின்றால் இடம் இருக்காது, இப்போதே சேர்த்து எழுதிவிடு என்று விண்ணப்பம் எழுதிக் கொடுத்தவர் சொன்னார். எழுதினேன். நாலு வருஷம் ஆகிறது, அந்தக் கூரையில் புறா மட்டும்தான் உட்கார்கிறது. நாம் காலேஜ் போகும்போது பஸ் ஜன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்போமே, அதே வேலை.

இதுவரைக்கும்கூட என் வீம்பு விடவில்லை. கட்டணத்தைக் கட்டிவிட்டு முணுமுணுத்துக்கொண்டே இருந்திருப்பேன். போன வாரம் பக்கத்து மாவு மில்காரர் வந்தார். அவரும் சோலாருக்கு விண்ணப்பித்திருக்கிறார், 15 கிலோவாட். 'இந்த டிரான்ஸ்ஃபார்மரில் இடமில்லை' என்று பதில் வந்திருக்கிறது. "உங்களுக்கு ஆள் தெரியுமே, கொஞ்சம் சொல்லுங்கள்" என்று என்னிடமே நீட்டுகிறார். அந்தத் தாளை வாங்கிப் படிப்பதுபோல நடித்தேன். அவருக்கு வேண்டிய பதினைந்தும் என் பேரில் காகிதத்தில் தூங்கிக்கொண்டிருக்கிறது. காபி கொடுத்து அனுப்பினேன். உண்மையைச் சொல்ல வாய் வரவில்லை.

நான் ஒருவன் மட்டும் இல்லை என்பது கொஞ்சம் ஆறுதல். பிரிட்டனில் கிரிட் இணைப்புக்காகக் காத்திருக்கும் மின் திட்டங்களின் வரிசை 700 ஜிகாவாட்டைத் தாண்டிப் போனது (ஒரு ஜிகாவாட் என்றால் பத்து லட்சம் கிலோவாட்). அதில் பாதிக்கும் மேல் பேப்பரில் மட்டும் இருக்கிற திட்டங்கள் என்றுதான் முதலில் வந்தவருக்கு முதலில் என்ற முறையையே மாற்றி, யார் தயாராக இருக்கிறார்களோ அவர்களுக்கு முதலில் என்று வைத்தார்கள். அமெரிக்காவில் 2023 முடிவில் வரிசையில் நின்றது சுமார் 2,600 ஜிகாவாட். நாடு முழுக்க ஓடிக்கொண்டிருக்கும் மின் நிலையங்களின் மொத்தத் திறனைப்போல இரண்டு மடங்கு. துண்டு போடுவது உலக வழக்கம்தான் போல.

ஆனாலும் ஒன்று இடிக்கிறது. நம்முடன் படித்தானே, மலை ஓடையில் சின்ன டர்பைன் வைத்திருக்கிறவன், அவனுக்கும் இதே பில். மழைக்காலம் நாலு மாதம் அவன் தன் திறனை விளிம்புவரை நிரப்பி அனுப்புகிறான். மற்ற எட்டு மாதம் ஓடையில் நண்டு பிடிக்கத்தான் தண்ணீர் இருக்கும். கட்டணத்தை மாதாமாதம் அந்தந்த மாதத்து உச்சத்தை வைத்துப் போடுகிறார்கள். அவன் துண்டு போட்டவன் இல்லை. டிக்கெட் எடுத்து, பயணமும் செய்கிறவன். வருஷத்தின் ஆக உயர்ந்த பதிவைப் பார்த்தால் அவனுக்குக் கட்டணமே வராது. எனக்கு அப்போதும் வரும், வரட்டும்.

அவனுக்கு ஒரு யோசனை சொன்னேன். நெதர்லாந்தில் காற்றாலையும் சோலாரும் ஒரே இணைப்பைப் பகிர்ந்துகொள்கிறார்கள். காற்று அடிக்கும் நேரமும் வெயில் அடிக்கும் நேரமும் பெரும்பாலும் வேறு வேறு என்பதால் இரண்டும் அவ்வளவாக முட்டிக்கொள்வதில்லை. அவன் இடத்தில் வறண்ட மாதங்களில் சோலார் அதே கம்பியில் போகலாமே. விதியில் அப்படி ஒரு கட்டம் இல்லை என்று சொல்லிவிட்டார்களாம்.

இன்னொரு கோபமும் இருக்கிறது, அதையும் உன்னிடம்தான் கொட்ட வேண்டும். திறனைக் குறைத்துக்கொள்ள ஒரு பக்கப் படிவம் போதும். பிறகு திரும்ப ஏற்ற வேண்டும் என்றால் புது விண்ணப்பம், புது ஆய்வு, புதுக் கட்டணம், வரிசையில் கடைசி இடம். பின்னே எவன் விடுவான்? திருப்பிக் கொடுத்தவருக்கு இரண்டு வருஷத்துக்குள் கேட்டால் முன்னுரிமை என்று ஒரு வரி சேர்த்தால், பாதிப் பேர் தாங்களாகவே துண்டை எடுத்துவிடுவார்கள். அந்தப் பெண்ணிடம் இதைச் சொன்னேன். குறித்துக்கொண்டாள். அவள் கையில் என்ன இருக்கிறது, பாவம்.

டிரான்ஸ்ஃபார்மரில் உண்மையிலேயே இடம் இருக்கிறதா என்றும் கேட்டேன். "விடுமுறை நாள் மதியம் வந்து உங்கள் இன்வெர்ட்டரைப் பாருங்கள்" என்றாள். பார்த்தேன். சுற்றுவட்டாரத்தில் எல்லாப் பட்டறையும் மூடியிருக்க, வோல்டேஜ் 248, 250, 252 என்று ஏறுகிறது. 253-ஐத் தொட்டதும் டக் என்று ஒரு சத்தம், திரையில் சிவப்பு விளக்கு, இன்வெர்ட்டர் தானாகவே நின்றுவிட்டது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகவே திரும்ப எழுந்தது. அப்போது நான் அனுப்பிக்கொண்டிருந்தது வெறும் 31. எல்லோரும் காகிதத்தில் பிடித்து வைத்திருப்பதை ஒரே மதியத்தில் அனுப்பினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் உறைத்தது. கம்பிகளோடு முப்பது வருஷம் குடும்பம் நடத்தியவன் நீ, சிரிப்பாய்.

இப்போது குறைக்கும் படிவம் மேஜையில் கிடக்கிறது. இன்வெர்ட்டரிலேயே 35-க்கு மேல் அனுப்பாதே என்று பூட்டிவிடலாம் என்கிறார்கள். அப்படியானால் 35 என்று எழுதிவிட்டு, மீதியை மில்காரருக்கு விடலாம். ஆனால் மழை விட்டதும் மேகம் விலகி, பேனல் குளிர்ந்திருக்கும்போது ஒருசில நிமிஷம் 38 வரை துள்ளுகிறது. அதை இழப்பது பெரிய விஷயமா? கால் மணிச் சராசரியில் அது கரைந்துதான் போகும் என்று என் மூளை சொல்கிறது, கை 40 என்று எழுதப் போகிறது. நீ சொல். உன் பதில் வரும்வரை அந்தக் கட்டத்தில் பென்சிலால்தான் எழுதி வைத்திருக்கிறேன்.

உன் பழைய அறைத்தோழன்